ஆறும் ஆறுதலும்: சுங்கை புரோங் வட்டாரத்தில் இயற்கை நடையும் மன அமைதியும்

முன்னுரை

உடல்நலம் குறித்தும் உளநலம் குறித்தும் இன்று பேசுவோர் அனைவரும் தவறாது பரிந்துரைக்கும் பயிற்சிகளுள் ஒன்று இயற்கை சார்ந்த இடங்களில் நடத்தலாகும். மருத்துவரும் உளவியலாரும் சுற்றுலாத் துறையினரும் இதனை வலியுறுத்துகின்றனர். எனினும், பசுமையான இடத்தில் நடப்பது மனத்தை எவ்வாறு ஆற்றுகிறது, எல்லார்க்கும் ஒரே வகையில் ஆற்றுகிறதா என்னும் வினாக்கள் நம்மிடையே பரவலாக எழுப்பப்படுவதில்லை. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் மூன்று தலைமுறைகளாக நடந்து உழைத்த ஒரு சமூகத்தின் வழிவந்தோர், 'பசுமையில் நடந்தால் மனம் இலேசாகும்' என்னும் கூற்றை எவ்வாறு பொருள்கொள்வர் என்பது தனித்து ஆராயத்தக்கதாகும்.

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் அமைந்துள்ள சுங்கை புரோங்கையும் அதனைச் சூழ்ந்த கடற்கரை, வயல், சதுப்புக்காடு, தோட்டப்புறம் ஆகியவற்றையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விளக்கம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியர்கள் தம் பணிச்சுமையிலிருந்து விடுபடவும், திணைக் கோட்பாட்டை மாணவர்க்கு வகுப்பறைக்கு வெளியே உணர்த்தவும் இந்நடை எவ்வாறு பயன்படும் என்பதும் இறுதிப் பகுதியில் சுட்டப்படுகிறது.

ஆறு என்னும் சொல்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும். நடந்து செல்லும் வழியையும் குறிக்கும். வினையாக நின்று, சூடு தணிதலையும் துயர் தணிதலையும் உணர்த்தும். ஆற்றுதல், ஆறுதல் என்பன நாம் அன்றாடம் வழங்கும் சொற்களே. இவை அனைத்தும் ஒரே வேரினின்று கிளைத்தவை என இங்கு வாதிட வேண்டுவதில்லை. வழியும் நீரும் தணிதலும் ஒரே ஒலிவடிவில் அமைந்திருப்பதைத் தமிழ் பயிற்றுவோர் மாணவர்க்கு எடுத்துக்காட்டினாலே போதும். பாடம் இனிதே தொடங்கிவிடும்.

பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் வழிப்படுத்தும் இலக்கியங்கள் என்பது நாம் அறிந்ததே. பத்துள் ஐந்து நூல்கள் வழிநடையை மையமாகக் கொண்டவை என்பதிலிருந்து, நடந்து செல்வோன் காணும் நிலம், உணவு, விலங்கு, மக்கள் ஆகியவற்றை உற்றுநோக்கிப் பதிவு செய்யும் மரபு நமக்குப் புதியதன்று என்பது தெளிவாகிறது. ஆயினும் அந்நடை பொழுதுபோக்கு நடையன்று. வறுமையுற்ற கலைஞன் வள்ளலை நாடிச் செல்லும் நடை அது. நடையின் பின்னால் தேவை ஒன்று நிற்கிறது. தேவையால் நடப்பதற்கும் விரும்பி நடப்பதற்கும் இடையிலான இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

மலாய்மொழியில் 'சுங்கை' என்பது ஆறு. 'புரோங்' என்பது பறவை. பறவையாறு என்று பெயர்பெற்ற ஊர் ஒன்றிலிருந்து ஆறுதலைப் பற்றிய உரையைத் தொடங்குவது பொருத்தமே.

களத்தின் இயல்பு

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் கோல சிலாங்கூர் நகரம் உள்ளது. அங்கிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்லும் சாலையில் தஞ்சோங் காராங்கிற்கும் செகிஞ்சானுக்கும் இடையே சுங்கை புரோங் அமைந்துள்ளது. இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு, மாறுபட்ட நிலவகைகள் குறுகிய எல்லைக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பதாகும்.

மேற்கே மலாக்கா நீரிணையின் சேற்றுக் கடற்கரையும் கண்டற் காடுகளும் உள்ளன. கோல சிலாங்கூரில் 1987ஆம் ஆண்டு மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் இயற்கைப் பூங்கா ஒன்று உருவாயிற்று. கடல்நீரைத் தடுக்க எழுப்பப்பட்ட கரையின் ஒருபுறம் கண்டற்காடும் மறுபுறம் இரண்டாம்நிலைக் காடும் உவர்நீர் ஏரியும் இருப்பதால், அக்கரைமீது நடப்போர் இருவேறு உலகங்களை ஒருசேரக் காண இயலும். ஓங்கி நிற்கும் வேர்களுக்கிடையே சேற்றில் தாவும் மீன்களையும் ஒற்றைக் கொடுக்கு பெரிதாக உள்ள நண்டுகளையும் இங்குக் காணலாம். அருகிலுள்ள மலாவத்தி குன்றில் வெள்ளிச்சாயல் கொண்ட கருமந்திகள் வாழ்கின்றன. தாய் சாம்பல் நிறத்ததாக இருக்க, அதன் மடியிலுள்ள குட்டி பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்ததாக இருப்பது காண்போரை வியப்பிலாழ்த்தும்.

கடற்கரைக்குக் கிழக்கே வயல்வெளி தொடங்குகிறது. 1930களில் தொடங்கப்பெற்ற தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின் விளைவாக உருவானதே இந்நெற்களஞ்சியம். பெர்ணம் ஆற்று நீரைத் தெங்கி ஆற்றின் வழியாகத் திருப்பிக் கால்வாய்களில் பாய்ச்சுவது இத்திட்டத்தின் அடிப்படை. சாவா செம்பாடான், சுங்கை புரோங், செகிஞ்சான், சுங்கை லேமான், பாசிர் பாஞ்சாங் முதலிய எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ள இவ்வயல்களின் மொத்தப் பரப்பு 20,000 ஹெக்டேரை நெருங்கும். ஜாவா, பஞ்சார் வழிவந்த மலாய்க்காரரும் சீனரும் இங்கு உழவராவர். செகிஞ்சான் என்னும் ஊரின் சீனப் பெயர் 'உழவுக்கு ஏற்ற ஊர்' எனப் பொருள்படும்.

வயலுக்கும் கிழக்கே, ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் பரப்பில் வட சிலாங்கூர்ச் சதுப்புக்காடு விரிகிறது. இலையும் தழையும் மரமும் நீருக்குள் முழுதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உருவான நிலம் இது. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, வறண்ட காலத்தில் மெல்ல விடுவதால், அருகிலுள்ள நெல்வயல்களுக்கு இதுவே நீர்த்தேக்கமாக விளங்குகிறது.

தெற்கிலும் தென்கிழக்கிலும் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனத் தோட்டப்புறங்கள் பரவியுள்ளன. பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் முன்னோர் வழங்கிய ஊரே 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரிடலைத் தொடங்கினார். மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930ஆம் ஆண்டு பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நாட்டின் செம்பனை வரலாறு தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தோட்டத்தில் தொடங்கியது என்பது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தியாகும்.

இயற்கை மனத்தை ஆற்றுவது எவ்வாறு?

இயற்கைக்கும் மனத்தெளிவுக்கும் உள்ள உறவு பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது ரோஜர் உல்ரிக் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையாகும். அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வலிமை மிக்க வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இதற்கான விளக்கங்களுள் ஒன்றை ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் இணையர் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரிவாக அளித்தனர். கவனம் இருவகைப்படும் என்பது அவர்தம் கருத்தின் அடிப்படை. விடைத்தாள் திருத்துதல், கணக்கெழுதுதல், நெரிசலில் வண்டி ஓட்டுதல் போன்றவற்றிற்கு நாம் முனைந்து செலுத்தும் கவனம் ஒருவகை. பிற எண்ணங்களை அடக்கி வைத்தே இக்கவனத்தைச் செலுத்த வேண்டியிருப்பதால் இது தளர்ந்துபோகும். தளர்ந்தபின் எரிச்சலும் மறதியும் தவறுகளும் மிகுகின்றன. முயற்சியின்றித் தானே சென்று படியும் கவனம் மற்றொரு வகை. மேகம் நகர்வது, நீரில் ஒளி ஆடுவது, நெற்பயிரில் காற்று அலையலையாய்ச் செல்வது ஆகியவை நம் கவனத்தை மென்மையாக ஈர்க்கின்றன. அவ்வேளையில் முதல்வகைக் கவனம் ஓய்வு பெறுகிறது. ஓய்ந்தது மீண்டும் வலுப்பெறுகிறது.

இவ்விளக்கத்தைப் பிற்கால ஆய்வுகள் பல கோணங்களில் சோதித்துள்ளன. 2015ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் நடத்திய சோதனையில், 90 நிமிடம் இயற்கைச் சூழலில் நடந்தவர்களிடம் கவலையையே மீண்டும் மீண்டும் அசைபோடும் போக்கு குறைந்தது. நெரிசல் மிக்க சாலையோரம் நடந்தவர்களிடம் அவ்வாறு குறையவில்லை. 2019ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளை ஆராய்ந்த வேறோர் ஆய்வு, வாரத்திற்கு 120 நிமிடமேனும் இயற்கையில் செலவிடுவோர் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக உள்ளதாகக் கூறும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டது. ஒரே நாளில் செலவிட்டாலும் பல நாளாகப் பிரித்துச் செலவிட்டாலும் பயன் ஒத்ததாகவே இருந்தது. ஜப்பானிய வனத்துறை 1982ஆம் ஆண்டிலேயே 'காட்டுக் குளியல்' எனப் பொருள்படும் சொல்லை உருவாக்கி, இதனை ஒரு பொதுநலப் பழக்கமாகப் பரப்பியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் இம்முடிவுகளைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. ஆய்வுகளுள் பல, சிறிய எண்ணிக்கையினரைக் கொண்டவை. குளிர்மிகு நாடுகளில் நிகழ்த்தப்பட்டவை. நலமாக இருப்போர் மிகுதியாக நடக்கின்றனரா, நடப்பதால் நலம் பெறுகின்றனரா என்பதைத் தரவுத் தொகுப்பு ஆய்வுகளால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. கடும் மனச்சோர்வுக்கு நடை துணையாகலாமேயன்றி மருத்துவத்திற்கு மாற்றாகாது.

நான்கு கூறுகளும் சுங்கை புரோங்கும்

ஓரிடம் மனத்தை மீட்கும் ஆற்றல் பெற நான்கு கூறுகள் வேண்டும் என்பர் கப்ளான் இணையர். அவற்றை விலகல், விரிவு, மென்கவர்ச்சி, இயைபு எனத் தமிழில் வழங்கலாம்.

அன்றாடச் சுமையை நினைவூட்டும் சூழலிலிருந்து மனத்தளவில் நீங்கியிருப்பது விலகல். கோலாலம்பூர், ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய நகரங்களில் பணியாற்றுவோர்க்குச் சுங்கை புரோங்கின் வயல்வரப்பு இதனை எளிதில் அளிக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை தொடர்ச்சியும் ஒழுங்கும் உடைய ஓருலகம் இருப்பது விரிவு. நேர்கோட்டில் ஓடும் கால்வாயும் அடிவானம்வரை செல்லும் வயலும் இதற்கு எடுத்துக்காட்டாம். ஆண்டுக்கு இருபோகம் விளைவதால், நீர் நிறைந்த கண்ணாடித் தோற்றம், இளம்பச்சை, பொன்னிறம், அறுவடைக்குப் பிந்திய தாள்நிலம் என ஒரே இடம் நான்கு முகங்களைக் காட்டுகிறது.

மென்கவர்ச்சிக்குச் சான்றுகள் பல. கொக்கு நிற்கும் நிலையும், மீன்கொத்தி பாயும் வேகமும், வானில் வட்டமிடும் செம்பருந்தும் பார்வையை ஈர்க்கும். ஆனால் எதனையும் செய்யும்படி நம்மை வற்புறுத்தா. வயலோரங்களில் கம்பங்களின்மீது பொருத்தப்பட்ட மரப்பெட்டிகளைக் காணலாம். எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகள் குடியிருக்க அமைக்கப்பட்டவை அவை. கூகையின் குரலைத் தீய அறிகுறியாகக் கருதும் நம்பிக்கை நம்மவரிடம் நெடுங்காலமாக உண்டு. அதே பறவை இங்கு உழவரின் துணைவனாக உள்ளது என்பதை அறியும்போது அச்சம் ஆர்வமாக மாறுகிறது.

இரவில் சிலாங்கூர் ஆற்றின் கரையிலுள்ள கம்போங் குவாந்தானில் காணும் மின்மினிகள் இதன் உச்சம் எனலாம். மலாய்க்காரர் பெரெம்பாங் என்றழைக்கும் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடும் ஆண் மின்மினிகள், ஒரே தாளத்தில் ஒருசேர ஒளிர்கின்றன. ஓசையெழாமல் துடுப்பு வலிக்கும் படகில் அமர்ந்து அவற்றைக் காண்போர் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவதை நான் பலமுறை கவனித்துள்ளேன். இப்பூச்சியின் புழுப்பருவம் மரத்திலன்று, கரையிலுள்ள ஈர மண்ணில், சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. ஆகவே, மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரைநிலத்தைத் திருத்திவிட்டால் அடுத்த தலைமுறை மின்மினிகள் தோன்றா. நாம் ஆறுதல் பெறும் இடம் நிலைபெற வேண்டுமாயின், நம் கண்ணுக்குத் தெரியாத இடமும் காக்கப்பட வேண்டும்.

நான்காவது கூறான இயைபு, இடத்தின் இயல்பும் நடப்போரின் விருப்பமும் பின்னணியும் பொருந்துவதைக் குறிக்கும். இங்கேதான் நமக்குரிய சிக்கல் எழுகிறது.

தோட்டத்து நடை

பால்வெட்டுத் தொழில் விடியுமுன்னே தொடங்குவது. இரவின் குளிர்ச்சியில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் அவ்வேளையில் வெட்டினால் பால் மிகுதியாக வடியும். வெயில் ஏறினால் வடிதல் குறையும். ஆகவே இருளிலேயே எழுந்து, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தனர் நம் முன்னோர். ஒருவர்க்கு ஏறத்தாழ 400 முதல் 500 மரங்கள். வெட்டுவதற்காக ஒருமுறை, பால் எடுப்பதற்காக மறுமுறை என ஒவ்வொரு மரத்திற்கும் இருமுறை நடக்க வேண்டும். பிறகு பாலைக் காண்டாவில் தோளேற்றிக் கொட்டகைக்கு நடக்க வேண்டும். அட்டையும் கொசுவும் பாம்பும் உடனிருந்தன. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' என்னும் புதினத்தின் களமும் இத்தகைய தோட்ட வாழ்வேயாகும்.

இந்நடையில் தூய காற்று இருந்தது, பசுமை இருந்தது, பறவையொலி இருந்தது. ஆய்வாளர் கூறும் புறக்கூறுகள் அனைத்தும் இருந்தன. ஆயினும் அது மனத்தை ஆற்றிய நடை என்று எவரும் சொல்லார். ஏனெனில் அங்கு விலகல் இல்லை. அப்பசுமையே அவர்தம் பணியிடம். மென்கவர்ச்சிக்கும் இடமில்லை. ஒவ்வொரு மரமும் முனைந்த கவனத்தைக் கோரியது. ஆழமாக வெட்டினால் பட்டை காயப்படும், கூலி குறையும்.

இதனை எனக்கு உணர்த்தியவர் என் தாயார். பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் முப்பதாண்டுக்கு மேல் பால்வெட்டியவர் அவர். இங்கிலாந்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துத் திரும்பிய புதிதில், நான் அங்குக் கற்றுவந்த நடைப்பழக்கத்தின் ஆர்வத்தோடு, "அம்மா, காலையில் தோட்டப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம், மனசுக்கு நல்லது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "காலமெல்லாம் நடந்துதானேய்யா இந்தக் காலு தேஞ்சுச்சு. இன்னும் காத்து வாங்கறதுக்கு வேற நடக்கணுமா?" என்றார். அப்போது என்னிடம் விடையில்லை. நான் படித்த நூல்களிலும் அவ்வினாவுக்கு நேரான விடை இல்லை.

திணைக் கோட்பாட்டின் துணைகொண்டு இதனை விளக்க முயலலாம். சுங்கை புரோங்கின் கடற்கரை நெய்தல், வயல் மருதம், சதுப்புக்காட்டை முல்லையோடு ஒருவாறு பொருத்தலாம். தோட்டம் எத்திணை? கருப்பொருளை நோக்கினால் அது எதனோடும் பொருந்தாது. பால்மரம் தென்னமெரிக்காவினின்று வந்தது. செம்பனை ஆப்பிரிக்காவினின்று வந்தது. உழைப்பாளர் தமிழகத்தினின்று வந்தனர். உரிப்பொருளை நோக்கினால் விடை கிடைக்கிறது. பிரிதலே பாலையின் உரிப்பொருள். பொருள்வயிற் பிரிந்து கடல்கடந்தோர், மீளாமலே தங்கிவிட்ட நிலம் தோட்டம். அது பசுமையாகத் தோன்றும் பாலை. ஆதலின், நம் சமூகத்து முதியோர் பசுமையைக் கண்டவுடன் அமைதி கொள்ளவில்லையென்றால், அதனைச் சுவையுணர்வின் குறையாகக் கருதுதல் கூடாது. அவர்தம் உடலில் தங்கியுள்ள நினைவே அதற்குக் காரணம்.

நடையும் உரிமையும்

தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியும், பின்னர் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியும் வந்தமையால், தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் நகர்ப்புற அடுக்கு வீடுகளில் குடியேறினர். உடலுழைப்பு நின்றது, உணவுப் பழக்கம் பெரிதும் மாறவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பெற்றோர் வேறு வழியின்றி நடந்தனர். பிள்ளைகள் நடக்க இடமின்றியும் நேரமின்றியும் இருக்கின்றனர். இருவர்க்கும் கிட்டாமற்போனது விரும்பி நடக்கும் உரிமையேயாகும்.

இங்கிலாந்தின் வரலாறு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு ஊர்ப்புறத்து வயல்களுக்கு ஊடே எவரும் செல்லத்தக்க பொது நடைவழிகள் உள்ளன. மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களின் தொழிலாளர், ஓய்வுநாளில் மேட்டுநிலங்களில் நடக்க விரும்பியபோது, நிலவுடைமையாளர் தடுத்தனர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டமும், 2000ஆம் ஆண்டு நாட்டுப்புற வழியுரிமைச் சட்டமும் இயற்றப்பட்டமைக்கு அத்தகைய போராட்டங்கள் வழிவகுத்தன. ஆலையில் நின்று உழைத்தவர்களே ஆறுதல் நடையைத் தம் உரிமையாகக் கோரினர். இயற்கை நடை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு மட்டுமே என்னும் எண்ணம் இதனால் மறுக்கப்படுகிறது.

என் தாயாரின் வினாவுக்கு விடை பல ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. செகிஞ்சானில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்று திரும்புகையில், சுங்கை புரோங்கின் கால்வாய்க் கரையில் வண்டியை நிறுத்தினோம். மாலை வேளை. நான் அழைக்கவில்லை; அவரே இறங்கிச் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். தம் தாயார் ஊரில் நாற்று நட்ட கதையை, நான் அதுவரை கேட்டிராத கதையை, நடந்துகொண்டே சொன்னார். திரும்பி வந்தபின், "பெரட்டு இல்லாத நடைய்யா இது" என்று மட்டும் கூறினார். கப்ளான் இணையர் 'இயைபு' என்று குறித்ததை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. எங்கே நடக்கிறோம் என்பதைப் போலவே, எவர் ஆணையும் இன்றி நடக்கிறோமா என்பதும் மனத்தின் தெளிவைத் தீர்மானிக்கிறது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்பாடு

மேற்கண்ட கருத்துகளின் அடிப்படையில், தமிழாசிரியர்கள் சிறு குழுவாக மேற்கொள்ளத்தக்க இரண்டு மணிநேர நடையொன்றைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவதாக, காலை ஏழரை மணிக்குள் தொடங்குதல் நலம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் நாட்டில், பத்து மணிக்குமேல் நடப்பது களைப்பை மிகுவிக்கும். முதல் இருபது நிமிடம் பேசாமல் நடத்தல் வேண்டும். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். பள்ளிச் செய்திகளைப் பேசிக்கொண்டே நடந்தால் கால்கள் வயலில் இருப்பினும் மனம் ஆசிரியர் அறையிலேயே இருக்கும்.

இரண்டாவதாக, முதல், கரு, உரி என்னும் வரிசையில் நடையை அமைத்துக்கொள்ளலாம். முதற்கட்டத்தில் நிலத்தையும் பொழுதையும் மட்டும் கவனித்தல்: எத்திசைக் காற்று, வயலில் எப்பருவம், வானம் எவ்வாறு உள்ளது. அடுத்த கட்டத்தில் புள், மரம், விலங்கு, தொழில், உணவு எனக் கருப்பொருளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் குறித்தல். தமிழ்ப் பெயர் தெரியாதவற்றை வெற்றிடமாகவே விட்டு, பின்னர்த் தேடலாம். அத்தேடலே ஒரு பாடமாகும். இறுதிக் கட்டத்தில், அன்று மனத்தில் எழுந்த உணர்வை ஒரு பத்தியில் எழுதுதல். மாணவரை அழைத்துச் சென்றால் இப்பத்திக்கு மதிப்பெண் இடலாகாது. மதிப்பெண் இட்டவுடன் அதுவும் ஒரு பெரட்டு ஆகிவிடும்.

மூன்றாவதாக, இயலுமிடத்துத் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுதல் சிறப்பு. அவரை நடக்க வற்புறுத்தாமல், அவர் காட்டும் வழியில் நாம் நடக்க வேண்டும். மங்கு, ஒட்டுப்பால், காண்டா, பெரட்டு, லயம் போன்ற சொற்கள் அவரோடு மறைந்துவிடாமல் மாணவரின் ஏட்டில் பதிவாகும். இவ்வகையில் அவரும் ஓர் ஆற்றுப்படை ஆசிரியரே.

கவனிக்க வேண்டியவை

வயல்வரப்புகள் உழவரின் உடைமை. இசைவு பெற்றே நடத்தல் வேண்டும். நாற்று நட்ட பருவத்திலும் மருந்து தெளிக்கும் வேளையிலும் பொதுச்சாலை, கால்வாய்க்கரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுதல் முறை. செம்பனைத் தோட்டங்களுக்குள் நிர்வாகத்தின் ஒப்புதலின்றி நுழைதல் கூடாது. எலிச்சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஈரநிலங்களில் தொற்றக்கூடும் என்பதால், காலில் காயம் உள்ளோர் தேங்கிய நீரில் இறங்கலாகாது. என் தாயாரைப்போல் வெறுங்காலுடன் நடப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. கொசுவிரட்டியும் குடிநீரும் வேண்டும். இடி கேட்டவுடன் திறந்த வயலைவிட்டு நீங்க வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் நடை பயனளிக்காது, தீங்கே விளைவிக்கும். காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐக் கடந்தால் வீட்டிலிருப்பதே நன்று. இப்புகைமூட்டத்திற்கு, வடிகால் வெட்டப்பட்டு உலர்ந்த சதுப்புநிலங்கள் தீப்பற்றுவதும் ஒரு காரணம். நீர்வற்றிய அந்நிலம் மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். வட சிலாங்கூர்ச் சதுப்புக்காட்டின் ஒரு பகுதியான ராஜா மூசா காப்புக்காட்டில், 2008ஆம் ஆண்டு முதல் வடிகால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, மரங்களை மீண்டும் நடும் பணி மேற்கொள்ளப்பட்டது. நம் மூச்சும், வயலின் நீரும், நடையின் அமைதியும் அக்காட்டின் ஈரத்தோடு பிணைந்துள்ளன.

முடிவுரை

இயற்கையில் நடத்தல், தளர்ந்த கவனத்தை ஓய்வுகொள்ளச் செய்து மனத்தை மீட்கிறது என்பதற்கு ஆய்வுகள் ஆதரவளிக்கின்றன. எனினும் பசுமை மட்டுமே ஆறுதலைத் தந்துவிடாது என்பதைத் தோட்டத் தமிழரின் பட்டறிவு காட்டுகிறது. விலகலும் விரிவும் மென்கவர்ச்சியும் ஓரிடத்தில் அமைந்திருக்கலாம். நடப்பவர் தம் விருப்பால் நடக்கும் நிலை இருந்தாலன்றி இயைபு அமையாது. ஆகவே இயற்கை நடையைப் பரிந்துரைப்போர், அதற்குரிய நேரமும் இடமும் உரிமையும் எளியோர்க்கு உள்ளனவா என்பதையும் கேட்க வேண்டும். அடுக்கு வீடுகளுக்கு அருகே நடைவழி அமைத்தல், சதுப்புக்காட்டையும் ஆற்றங்கரையையும் காத்தல், பள்ளிக் காலஅட்டவணையில் வெளிக்களக் கல்விக்கு இடமளித்தல் ஆகியவை உளநலம் சார்ந்த செயல்களே என்பது இதனால் பெறப்படும்.

சுங்கை புரோங் தலைநகரிலிருந்து எட்டாத் தொலைவில் இல்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் அங்குச் செல்லும்போது, இயலுமாயின் தம் வீட்டு முதியவரையும் உடனழைத்துச் செல்வார்களாக. அவர் வண்டியிலேயே அமர்ந்திருக்க விரும்பினால், அதுவும் அவர் விருப்பமேயாகும்.